பவளப்பாறையை அழித்தது கல்லெடுப்பா, கடல் சூடா?

கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் ஊரில் பலர் கடலில் இறங்கிப் பவளக்கல் எடுத்தார்களாம். அது நின்று 20 வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் பார் (பவளப்பாறையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பழையபடி ஆகவில்லை. கூட்டம் போட்டுப் பேச வருகிறவர்களில் பாதிப்பேர் 'நீங்கள்தான் அழித்தீர்கள்' என்கிறார்கள், மீதிப்பேர் 'பூமியே சூடாகிறது, நம் கையில் ஒன்றும் இல்லை' என்கிறார்கள், இதில் எது உண்மை என்பது கேள்வி. காரணம் கேட்கிற கேள்வி மாதிரித் தெரிந்தாலும், அவர் மனதில் இருப்பது வேறு இரண்டு விஷயம் என்று எனக்குப் படுகிறது. பழி யார் மேல்? நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் ஏதாவது மாறுமா, மாறாதா? இரண்டுக்கும் தெரிந்தவரை பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் கடல் உயிரியல் படித்துவிட்டு, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் பார்களைக் கணக்கெடுக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். நீருக்கடியில் நாடா விரித்து, அந்த நாடாவுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை செத்த பவளம், எத்தனை பாசி, எத்தனை மணல் என்று சிலேட்டில் எழுதுவதுதான் பெரும்பாலும் என் வேலை. அதனால் அடியில் என்ன இருக்கிறது, வருடத்துக்கு வருடம் அது எப்படி மாறுகிறது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். வருங்கால வெப்பக் கணிப்பு, மீன்பிடித் தொழிலின் வரவு செலவு, சட்ட நுணுக்கம் இவையெல்லாம் என் துறை இல்லை. அவற்றில் மற்றவர்கள் செய்த வேலையைப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதிக்குப் பவளத்தைக் கூட்டங்கூட்டமாகக் கொல்வது கடல் சூடு. செத்த இடத்தில் மறுபடி பவளம் முளைக்குமா என்பது, அந்த இடத்தில் நாம் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசுகிற இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதி உண்மையைச் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர்கள் போய்ச் சேருகிற முடிவு இரண்டும் தவறு.

சூடு எப்படிக் கொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். பாரின் மேல்தோலாக இருப்பவை பாலிப் எனப்படும் மெல்லிய சதை உயிர்கள். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுதான், அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே மேலே வளரும். அந்தச் சதைக்குள் நுண்பாசிகள் கணக்கில்லாமல் குடியிருக்கின்றன. வெயிலில் அவை தயாரிக்கும் உணவிலிருந்து பவளத்தின் தேவையில் 90 சதவீதம் வரைகூட கிடைத்துவிடும். நாம் பார்க்கிற பழுப்பு, பச்சை நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியுடையதுதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, மேலே வெயிலும் கொளுத்தினால், பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டுப்போய்ப் பவளத்தின் உடம்புக்குள்ளேயே நஞ்சு உண்டாகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய், சதைக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம்.

வெளிறினால் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஏப்ரல் கடைசியில் மன்னார் வளைகுடாவில் ஏதாவது ஒரு தீவுக்குப் பக்கத்தில் இறங்கிப் பாருங்கள். மான்கொம்புப் பவளத்தில் வெயில் படுகிற மேல்பக்கம் வெள்ளையாகவும் நிழலில் இருக்கும் அடிப்பக்கம் பழுப்பாகவும் இருக்கும். முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால் அந்த வெள்ளையின் மேல் நிறமில்லாத சதை இன்னும் மூடியிருப்பதும், பாலிப்பின் குட்டிக் கைகள் அசைவதும் தெரியும். உயிர் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். ஜூன் வாக்கில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வலுத்து, தண்ணீர் கலங்கிக் குளிர்ந்தால், மிச்சமிருக்கும் பாசி பெருகி நிறம் திரும்பிவிடும். காற்று தாமதமானால்தான் சிக்கல். செத்த பவளத்தில் சதை இருக்காது, சுண்ணாம்பின் கூர்மையான விளிம்புகள் அப்படியே தெரியும், கொஞ்ச நாளில் அதன் மேல் பச்சையும் பழுப்புமாக நூல்பாசி பஞ்சு பஞ்சாக முளைத்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கிளை திரும்பாது.

எவ்வளவு சூடு தேவை என்று கேட்டால், பயமுறுத்துகிற பெரிய எண் எதுவும் இல்லை. அந்தந்த இடத்தில் வருடத்திலேயே உச்சமான மாதத்துக்கு வழக்கமாக இருக்கும் சராசரியைவிட 1 டிகிரி கூடி, ஒரு மாதம் போல நீடித்தால் வெளிறல் வரும். இரண்டு மாதம் நீடித்தால் பரவலாகச் சாகும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து இதை உலகம் முழுக்கக் கண்காணிக்கிறது. உலகளாவிய வெளிறல் இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது: 1998, 2010, 2014 முதல் 2017 வரை, அப்புறம் 2023-ல் தொடங்கியது. நான்காவதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள், அதில் உலகப் பவளப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வெளிறும் அளவுக்குச் சூட்டைச் சந்தித்தது. எல் நினோ வருடங்களில், அதாவது பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் வருடங்களில், உச்சம் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எல் நினோ பல நூற்றாண்டுகளாக வந்துபோகிற ஒன்று. அது ஏறி நிற்கிற அடித்தளம்தான் இப்போது உயர்ந்திருக்கிறது. நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் பிடித்துவைத்திருக்கும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள்தான் போயிருக்கிறது. இதில் ஆராய்ச்சியாளர்களிடையே சந்தேகம் கிடையாது.

'சூடு ஒரு சாக்கு, உண்மையில் கழிவும் வலையும்தான் காரணம்' என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது மனிதர் இல்லாத பார்களை. 2016-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் மிக மோசமாகச் செத்தது வடக்குப் பகுதி. ஊர், தொழிற்சாலை, விவசாயக் கழிவு, மீன்பிடி எல்லாமே மிகக் குறைவாக இருக்கிற பகுதி அது. தண்ணீர் சுத்தமாக இருந்ததால் அங்கே வெளிறல் குறைந்ததா என்று அளந்து பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் சாகோஸ் தீவுகளிலும் இப்படித்தான். ராணுவத் தளம் இருக்கும் ஒரு தீவைத் தவிர மற்றவற்றில் குடியிருப்பே இல்லை, ஆனாலும் 1998-ல் பெரும்பங்கு பவளம் செத்தது. ஆக, கரையில் நாம் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் சூடு வரும்போது பவளம் வெளிறும். இது உறுதி.

ஆனால் அதே சாகோஸில் 1998-க்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பார் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்கே, கரையிலிருந்து வெகுதூரத்தில் தனியாகக் கிடக்கும் ஸ்காட் பாரிலும் அப்படித்தான். 1998-ல் கிட்டத்தட்ட எல்லாம் போய், விதை கொண்டுவந்து சேர்க்கப் பக்கத்தில் வேறு பார்கூட இல்லாத நிலையிலும், 12 வருடத்தில் மீண்டது. தண்ணீர் தெளிவாக இருந்தது, பாசியை மேய்கிற மீன்கள் குறையாமல் இருந்தன. மனிதர் நெருக்கியடித்து வாழும் கரைகளில் அதே காலத்தில் பல பார்கள் எழுந்திருக்கவே இல்லை. சாவுக்குக் காரணம் ஒன்று, எழ முடியாமல் போவதற்குக் காரணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் கூட்டத்தில் சண்டை வருகிறது.

இனி மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். பார்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் வெயில் நேராக இறங்கும், கோடையில் வெளிறல் கொஞ்சமாவது தலைகாட்டாத வருடம் குறைவு. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தீவுகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. அவர்களுடைய எண்களை வரிசையாக வைத்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 2005 வாக்கில் உயிருள்ள பவளம் அடிப்பரப்பில் சுமார் 37 சதவீதம். 2009-ல் சுமார் 43. 2010-ல் கடும் வெளிறல், 33-க்கு இறங்கியது. அடுத்த சில வருடங்களில் மெல்ல ஏறி 39 வரை வந்தது. 2016-ல் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றது, கோடை முடிந்து பார்த்தால் 23-க்கும் கீழே.

இந்த எண்களில் முதலில் கவனிக்க வேண்டியது 37-லிருந்து 43-க்கு ஏறியது. கல்லெடுப்பு நின்றது 2005 வாக்கில். நின்றவுடன் ஏறியிருக்கிறது. 'நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை' என்று ஊரில் சொல்வது அதனால் சரியில்லை. நிறுத்தியது பலித்தது, பலித்ததை 2010-ம் 2016-ம் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டன. அடுத்து, இடைவெளியைப் பாருங்கள். 1998-க்கும் 2010-க்கும் நடுவில் 12 வருடம், 2010-க்கும் 2016-க்கும் நடுவில் 6. உலகம் முழுக்கவும் இதே கதைதான். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பார் கடுமையாக வெளிறினால் அடுத்தது வர 25, 30 வருடம் ஆகும் என்ற நிலை இருந்தது, 2016 வாக்கில் அது 6 வருடமாகச் சுருங்கிவிட்டது. வேகமாக வளரும் மான்கொம்பு வகை நல்ல இடத்தில் வருடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரும், அதற்கே ஒரு பார் நிறைய பத்து வருடம் வேண்டும். உருண்டையாக வளரும் வகைகள் வருடத்துக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர்தான்.

சதவீதம் மறைக்கிற ஒரு விஷயமும் இருக்கிறது. சூட்டில் முதலில் சாவது கிளை கிளையாக வளரும் வகைகள். உருண்டை வகைகள் தாக்குப்பிடிக்கின்றன. இரண்டு பார்களிலும் நாடா 30 சதவீதம் என்றே காட்டலாம், ஆனால் ஒன்றில் குஞ்சுமீன் ஒளிந்துகொள்ளக் கிளைகளுக்குள் ஆயிரம் சந்து இருக்கும், மற்றொன்றில் மொழுமொழுவென்று கற்கள் நிற்கும். களவாவும் செப்பிலியும் குறைந்துவிட்டது என்று மீன்பிடிப்பவர்கள் சொல்லும்போது, கணக்கெடுப்பில் பவளம் அவ்வளவு குறையவில்லையே என்று பதில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில் போதாது. என்ன வகைப் பவளம் மிச்சமிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கல்லெடுத்த இடத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியின் முள் அங்கேதான் இருக்கிறது. கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைசேர்த்த கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, ஆலைகளுக்குப் போனது, கட்டடத்துக்கும் போனது. 1970-களின் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 250 கனமீட்டர் எடுக்கப்பட்டதாக அன்றைய ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பார்ப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அளவுக்கு அழிந்துபோனது, அதில் கல்லெடுப்புக்குத்தான் பெரிய பங்கு. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதற்குப் பின்னும் நாலைந்து வருடம் ஆனது முழுதாக நிற்க.

அந்த 32 சதுர கிலோமீட்டர் ஏன் திரும்பவில்லை? வெளிறிச் செத்த பார் நின்றபடி சாகிறது. கூடு அப்படியே இருக்கும், அதன் மேல் புதுப் பவளம் வந்து ஒட்டலாம். வெட்டியெடுத்த பாரில் மிஞ்சுவது உடைசல். கையளவு, விரலளவு துண்டுகள், ஒவ்வொரு அலைக்கும் புரண்டுகொண்டே இருக்கும். இங்கே மான்கொம்புப் பவளங்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் முட்டை விடுகின்றன. அதிலிருந்து வரும் இளம் உயிரிகள் சில நாட்கள் மிதந்து, உறுதியான அடி கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். உடைசலில் ஒட்டினால் அடுத்த காற்றில் கல் புரண்டு நசுங்கிவிடும், இல்லையென்றால் மணலுக்குள் போய்விடும். ஓடுகிற மணலில் நாற்று நட்ட மாதிரிதான். இப்படிப்பட்ட ஒரு திட்டில் துண்டுகளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இளம் பவளம் ஒட்டியிருக்கும், அடுத்த வருடம் அதே திட்டுக்குப் போனால் அந்த அளவிலேயே புதுசாக வேறு சில இருக்கும், பெரியது ஒன்றுகூட இருக்காது. விதை வருகிறது, ஒட்டுகிறது, வளரத்தான் விடுவதில்லை. இந்த இடங்கள் தானாக மீள 20 வருடம் போதாது, சிலவற்றுக்கு 50-ம் போதாமல் போகலாம்.

பழி பற்றி என் கருத்தைக் கேட்டால், கல்லெடுத்தவர் கூலிக்கு வேலை செய்தவர். வாங்கியவர், சுட்டவர், விற்றவர், அதில் வீடு கட்டியவர், பூங்கா என்று அறிவித்துவிட்டுப் பல வருடம் கண்டுகொள்ளாமல் இருந்தவர் எல்லோரும் கரையில் இருந்தார்கள். உங்கள் அப்பாவின் தலைமுறையை மட்டும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது நியாயமில்லை. ஆனால் கல்லெடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆனது.

தீவுகள் முழுகியதும் இதோடு சேர்ந்த கதை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் இப்போது நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவும் காரைச்சல்லியும் வேகமாகச் சுருங்கின. காரைச்சல்லி 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது, இன்று அதில் கால்வாசிகூட இல்லை. முன்னால் இருந்த பார் அலையை உடைத்துத் தீவைக் காப்பாற்றியது, பாரை வெட்டினோம், அலை நேராக வந்து மணலை அரித்தது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். கடல்மட்ட உயர்வுக்கும் மணல் ஓட்டம் மாறியதற்கும் இதில் எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம், முழுக்கக் கல்லெடுப்பால் என்று எழுதுவது கொஞ்சம் அவசரம். சுனாமி விஷயமும் அப்படித்தான். 2004-ல் இந்தக் கரையில் சேதம் குறைவாக இருந்ததற்குப் பார்தான் காரணம் என்று மேடையில் அடித்துச் சொல்வார்கள். இலங்கை குறுக்கே நின்று மறைத்ததுதான் பெரிய காரணம். பாருக்கும் தீவுகளுக்கும் பங்கு உண்டு, முழுப் பெருமையும் கிடையாது.

மீட்சியைத் தடுக்கிற மற்ற விஷயங்களில் எனக்கு அதிகக் கவலை தருவது மேய்கிற மீன்கள் குறைவது. ஓராவும் கிளிமீனும் பவளத்தோடு இடத்துக்குப் போட்டி போடும் பாசியை மேய்ந்து அளவோடு வைக்கின்றன. பாருக்குப் பக்கத்தில் மீன்பிடிக் கூடு இறக்கிப் பிடிக்கும்போது முதலில் மாட்டுவதும் இவைதான். கூடு பாரின் மேலேயே விழுந்து கிளையை உடைப்பது தனி. அப்புறம் அறுந்துபோன வலைகள். பவளத்தின் மேல் சுற்றிக் கிடக்கும் நைலான் வலையை நீக்கினால் அடியில் வலைக்கண் தடம் பதிந்து சதை செத்திருக்கும், அந்தத் தடத்தில் பாசி வரிசையாக முளைத்திருக்கும். மரிக்கொழுந்து என்ற கடற்பாசியை எடுக்கப் போகிற பெண்கள் பாரை மிதிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. மிதிபடுவது உண்மை, ஆனால் பாசி எடுக்கும் நாட்களை அவர்களே கூடிப் பேசிக் குறைத்துக்கொண்ட ஊர்கள் இந்தக் கரையில்தான் இருக்கின்றன. சேதத்தின் அளவில் அது இழுவைமடிக்கும் வெடிவைத்து மீன்பிடிப்பதற்கும் பக்கத்தில்கூட வராது என்பது என் எண்ணம்.

கழிவு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சாக்கடையும் உரச்சத்தும் கலந்த தண்ணீரில் பாசி கொழுக்கும், பவள நோய்களும் கூடும். இது பல நாடுகளில் பார்த்தது, தூத்துக்குடித் தீவுகளில் அறிகுறி தெரிகிறது. ஆனால் 'இவ்வளவு சாவு கழிவால்' என்று எண் போட்டுச் சொன்னால் நம்பாதீர்கள், சூட்டிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. பூங்கோரை உங்களுக்கே தெரியும், கடல் திடீரென்று பச்சையாகி மீன் செத்து ஒதுங்குமே, அது. 2008-லும் 2019-லும் மண்டபம் பக்கம் அது மிகுந்து, அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டதில் மீன்களோடு பவளமும் செத்தது. அந்த நுண்ணுயிர் இயற்கையாகவே நம் கடலில் இருப்பதுதான். கரையிலிருந்து போகும் சத்து அதை ஊதிவிடுகிறதா என்பதில் வலுவான சந்தேகம் இருக்கிறது, முடிவான நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

கப்பாஃபைகஸ் பாசி பற்றிக் கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, பாக் விரிகுடாப் பக்கம் தொழிலாக வளர்க்கப்பட்டு, பல குடும்பங்களுக்கு வருமானம் கொடுத்த பாசி அது. 2008-ல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது பதிவானது. படர்ந்த இடத்தில் பவளம் வெளிச்சம் இல்லாமல் சாகிறது, பிய்த்து எடுத்தால் மிச்சம் ஒட்டியிருக்கும் துண்டிலிருந்து மறுபடி வருகிறது. இதுவரை சண்டை இல்லை. எவ்வளவு தூரம் பரவும், வளைகுடா முழுவதற்கும் ஆபத்தா என்பதில் விஞ்ஞானிகளே இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். என் வரையில், பாருக்குப் பக்கத்தில் வளர்க்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்தவே கூடாது, தூரமான கரையில் வளர்ப்பவர்களின் பிழைப்பைக் கெடுக்கவும் தேவையில்லை.

கடல் அமிலமாவதைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் கூடிய கரியமில வாயுவில் சுமார் கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது, தொழிற்புரட்சிக்குப் பின் கடல்நீரின் கார அளவு (pH) 8.2-லிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. சின்ன மாற்றம் போலத் தெரிந்தாலும் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு கட்டுவது பவளத்துக்கு இதனால் கடினமாகிறது. அடிப்படை வேதியியல் இது, மறுக்க முடியாது. ஆனால் இங்கே நாம் இப்போது கண்ணால் காணும் சாவுக்குக் காரணம் இது என்று சொல்ல ஆதாரம் இல்லை, சூடு அதைவிட முந்திக்கொண்டுவிட்டது. வெயிலுக்குப் பூசும் கிரீம் பவளத்தைக் கொல்கிறது என்ற செய்தியும் நிறையச் சுற்றுகிறது. ஆய்வகத் தொட்டியில் சில ரசாயனங்கள் இளம் பவளத்தைப் பாதிப்பது உண்மை, சுற்றுலாப் பயணிகள் குவியும் ஹவாயில் சிலவற்றைத் தடைசெய்தும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

மறுபடி நட்டால் வருமா? சிறிய அளவில் வரும். உடையாத பாரிலிருந்து துண்டெடுத்து சிமெண்ட் பலகையில் கட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து வளர்ப்பதை இங்கே 20 வருடத்துக்கு மேல் செய்துவருகிறார்கள், நன்றாகவே பிடிக்கிறது. அதைவிட எனக்கு நம்பிக்கை கொடுத்தது வான் தீவு. தீவுக்கு முன்னால் துளைபோட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் வரிசையாக இறக்கினார்கள். அலை தணிந்தது, அரிப்பு நின்றது, மணல் கொஞ்சம் திரும்பவும் சேர்ந்தது, மீன் கூடியது, கான்கிரீட்டின் மேல் யாரும் நடாமலே இளம் பவளம் வந்து ஒட்டியது. புரளாத அடி கிடைத்தால் விதை தானாக வரும் என்று மேலே சொன்னேனே, அதை அங்கே கண்ணால் பார்க்கலாம். காரைச்சல்லிக்கும் இதே மாதிரித் திட்டம் வந்திருக்கிறது. குறை என்னவென்றால், நட்ட பவளத்துக்கும் தானாக வந்த பவளத்துக்கும் 32 டிகிரி ஒன்றுதான். நடுவதைச் சூட்டுக்கு மருந்தாகப் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கல்லெடுத்த புண்ணுக்கு அது மருந்து, அதற்கு மேல் கேட்கக் கூடாது.

உலக அளவில் நிலைமை நன்றாக இல்லை, அதை மூடி மறைக்க மாட்டேன். 2009-க்கும் 2018-க்கும் நடுவில் மட்டும் உலகின் பவளத்தில் சுமார் 14 சதவீதம் போயிருக்கிறது. பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரி கூடினால் 99 சதவீதத்துக்கு மேல் போகும் என்பது ஐநாவின் காலநிலைக் குழு 2018-ல் சொன்னது. கணிப்பு என்பதால் முன்பின் ஆகலாம், ஆனால் போகிற திசையில் சந்தேகம் இல்லை. கலங்கல் நீரில் வாழும் பவளங்கள் வெயில் குறைவாகப் படுவதால் கொஞ்சம் தப்பிக்கும், சூட்டுக்குப் பழகிய வகைகள் பெருகும் என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறது. நம் பார்கள் கலங்கல் பார்கள் என்பதால் எனக்கும் ஆசைதான். எண்கள் இன்னும் அந்த ஆசைக்குத் துணை நிற்கவில்லை, 2016-ல் இதே கலங்கல் நீரில்தான் 16 சதவீதப் புள்ளி இழந்தோம்.

ஆகவே நாங்கள் ஒழுங்காக இருந்தால் மாறுமா என்றால், அடுத்த வெளிறலை உங்கள் ஊரால் தடுக்க முடியாது. வெளிறலுக்கும் வெளிறலுக்கும் நடுவில் கிடைக்கிற ஐந்தாறு வருடத்தில் பார் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை உங்கள் ஊரால் மாற்ற முடியும், 37 சதவீதம் 43 சதவீதம் ஆனது அப்படித்தான். பாரின் மேல் கூடு இறக்காமல் பக்கத்து மணலில் இறக்குவது, வெளிறல் மாதங்களில் மட்டுமாவது ஓராவையும் கிளிமீனையும் விட்டுவைப்பது, அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவருவது, தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று நகராட்சியைக் கேட்பது. இவை பூங்காக் காவலுக்கு வருகிறவர்களால் செய்துமுடிக்கக் கூடியவை இல்லை, கடலுக்குப் போகிறவர்களும் கரையில் குடியிருப்பவர்களும் செய்தால்தான் உண்டு.

உங்களிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கணக்கெடுப்புக் குழுவால் ஒரு தீவுக்கு வருடத்தில் சில நாட்கள்தான் வர முடியும். உங்கள் ஊரிலிருந்து அப்பா தீவுக்கும் தலையாரிக்கும் தினமும் ஆட்கள் போகிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து எந்தத் தேதியில், எந்தத் தீவின் எந்தப் பக்கத்தில், எத்தனை பாக (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் முதலில் வெள்ளை தெரிந்தது, மான்கொம்பிலா உருண்டைக் கல்லிலா, கச்சான் எந்த வாரம் வலுத்தது, அதற்கு எத்தனை நாள் கழித்து நிறம் திரும்பியது அல்லது பாசி பிடித்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே கல்லை எடுக்க வேண்டும், பக்கத்தில் அளவுக்கு ஏதாவது ஒன்றை வைத்து எடுக்க வேண்டும். ஒரு வருடக் குறிப்பு இருந்தாலே இங்கே போடுங்கள், எப்படிப் படிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.